பனிமலைக்கு எண்பது முழக் கயிறு

தோணிரேவு,
துன்மதி வருஷம், சித்திரை 8

மாமாவுக்கு லோகாம்பாள் எழுதுவது.

ஆளை வைத்து எழுதவில்லை. கோட்டைக் கப்பல்களுக்குக் கயிறு முறுக்கும் கொட்டடியில் நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்த நாலெழுத்து இதற்காவது உதவட்டும் என்று என் கையாலேயே எழுதுகிறேன்.

மாசியில் வந்த கப்பலில் நீங்கள் சொல்லி அனுப்பிய சேதி கிடைத்தது. என் தம்பி சகாதேவன் நேபாளத்து மலையில் காய்ச்சல் கண்டு இறந்தான், அங்கேயே எரித்துவிட்டோம் என்று சொன்னார்கள். உடம்பு இல்லாததால் அவன் துடுப்பை வைத்துக் காரியம் செய்தோம். ருக்கு அழவில்லை. துடுப்பை எரிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவள் புருஷன், அவள் சொன்னபடி விட்டுவிட்டோம்.

அதே கப்பலில், உங்களோடு மலைக்கு வந்த சாலமனும் வந்து இறங்கினான். இரண்டு காலிலும் விரல் இல்லை. கோட்டைக்குப் பின்னால் அவன் அம்மா வீட்டில் படுத்திருக்கிறான். போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், பேசவில்லை.

நீங்கள் அடுத்த வருஷமும் மலைக்குப் போகப்போவதாகக் கப்பல்காரர்கள் பேசிக்கொண்டார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லி நீங்கள் கேட்டதில்லை. ஆனால் தம்பியைக் கொடுத்த வீட்டில் புருஷனையும் கொடுக்க முடியாது. பனி என்றால் எங்களுக்கு மார்கழி விடியலில் தலையில் துண்டு போடுவதுதான் தெரியும். அந்த மலைக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எது இல்லாவிட்டால் எது நடக்கும் என்று விவரமாக எழுதுங்கள். இங்கே செய்யக்கூடியதை நான் செய்து அனுப்புகிறேன். ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

லோகாம்பாள்


பாட்னா,
துன்மதி வருஷம், ஆடி 15

லோகா,

உன் கடிதத்தைப் பிரிக்க மூன்று நாள் பயந்தேன். ஏசியிருப்பாய் என்று நினைத்தேன். சகாதேவனை நான்தானே கூட்டிக்கொண்டு வந்தேன். நீ என் உயிருக்காகக் கேட்டிருக்கிறாய். படித்துவிட்டுக் கங்கைக் கரையில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம், வருகிற வைகாசியில் மறுபடி கிளம்புகிறோம். சங்கும் பவளமும் மலைக்கு அந்தப் பக்கம் போகும், கஸ்தூரி இந்தப் பக்கம் வரும். பாரம் தூக்க என்னையும் சேர்த்து ஆறு பேர், நான்தான் தலைவன்.

அங்கே பனி என்பது நம் ஊர்ப் பனி இல்லை. அது தரை. அதன்மேல் நடக்க வேண்டும், அதற்குள் விழவும் நேரும். முதலில் கண்ணுக்குத் திரை வேண்டும். கவரிமாட்டு மயிரைக் கறுப்பாகப் பின்னி நெற்றியில் கட்டித் தொங்கவிடுவார்கள். உப்பளத்தில் உச்சி வெயிலில் நின்றால் கண் கூசுமே, அதைப்போல நூறு மடங்கு அங்கே. திரை இல்லாமல் ஒரு பகல் நடந்தால் சாயந்திரம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும். மறுநாள் பார்வை இருக்காது. பயப்பட வேண்டாம், மூன்று நாள் இருட்டில் படுத்துக் கிடந்தால் திரும்பி வந்துவிடும்.

காலுக்குக் கம்பளி உறை, அதற்குள் காய்ந்த புல். ஈரமானால் புல்லை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் கறுத்து உதிரும். அதற்கு மேல் இரும்புப் பல் வைத்த கட்டைச் செருப்பு. கையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மூங்கில் கழி. பனி மூடின வெடிப்பில் கால் போனால் கழி குறுக்கே விழுந்து பிடித்துக்கொள்ளும். பனி சரிந்து யாரையாவது மூடினால் தோண்ட ஒரு மரப்பலகை. எல்லாருக்கும் இடுப்பில் ஒரே கயிறு. போன தடவை மலையடிக்குப் போய்ச் சேர்ந்த அன்றே பூட்டியா என்கிற மலைச்சாதி வழிகாட்டி எங்களை வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். கெட்டிக்காரன்.

ஆனால் லோகா, எல்லாவற்றையும் எல்லாருக்கும் தூக்கிப் போக முடியாது. ஆறு பேருக்கும் முழுச் சாமான் என்றால் மூன்று மூட்டை சங்கு கீழேயே நின்றுவிடும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தலைவனாக இருப்பவன்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வேலையில் கஷ்டமே அதுதான்.

நீ செய்து அனுப்ப நினைத்தால் கயிறு அனுப்பு. இங்கே கிடைக்கும் கயிறு ஈரத்தில் விறைத்துப் போகிறது. உன் கை முறுக்கின சணல் கயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எண்பது முழம் போதும்.

தருமலிங்கம்


தோணிரேவு,
துன்மதி வருஷம், ஐப்பசி 3

தருமலிங்கத்துக்கு,

மாமா என்று எழுத இந்தக் கை வரவில்லை. இனி வராது.

சாலமன் பேசவில்லை என்று எழுதினேனே, அது பொய். முதல் நாள்தான் பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். சாலமன் சொன்னது உண்மையா, வலியில் பிதற்றினானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய்.

மலையடிக்குப் போன அன்றே வழிகாட்டி ஒவ்வொன்றாகக் காட்டினான் என்கிறாய். அப்படியானால் தெரிந்துதான் ஏறினாய். ஆறு பேருக்கு மூன்று பேர் சாமான்தான் வாங்கினாய். ஒன்று உனக்கு, இரண்டு பாட்னா ஆட்களுக்கு. பதிலுக்கு மூன்று மூட்டை சங்கு ஏற்றினாய். போகும்போது கோடை, பனி குறைவு, தப்பித்தீர்கள். திரும்பும்போது ஐப்பசி. சாலமனுக்குக் காலுறை இல்லை, விரல் போயிற்று. என் தம்பிக்குக் கண் திரை இல்லை.

சாலமன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன், படி.

"ரெண்டா நாளு சாயந்திரம் சகாதேவனுக்குக் கண்ணு போச்சி அக்கா. மறுநா அவன் இடுப்புல கயித்தக் கட்டி, மாமா தன் பின்னால இஸ்துகினு போனாரு. அவன்தான் கடைசி. நான் மாமாவுக்கு முன்னால. ஒத்தையடிப் பாதை, ஒரு பக்கம் பள்ளம். அவன் கால் வழுக்கி உள்ள போயிட்டான். கயிறு ஒரு இஸ்ப்பு இஸ்துச்சி, நாங்கல்லாம் உக்காந்துட்டோம். அப்பால கயிறு தொளதொளன்னு ஆச்சி. கீழேர்ந்து கொரல் வந்துச்சி. 'மாமா, கால் ஊனிட்டேன், கல்லு கெடச்சிது'னு கத்துறான். என் காதால கேட்டேன். மாமா மடியிலேர்ந்து கத்தி எடுத்தாரு. இன்னா மாமா பண்றீங்கன்னு கேட்டேன். அதுக்குள்ள அறுத்துட்டாரு."

பார்வை மூன்று நாள் இருட்டில் கிடந்தால் திரும்பிவிடும் என்று எனக்கு ஆறுதல் எழுதினாய். அந்த மூன்று நாளை அவனுக்குக் கொடுத்தாயா?

ருக்குவுக்கு இன்னும் சொல்லவில்லை. காய்ச்சல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். நடந்ததை உன் கையால் எழுதி அனுப்பு. எழுதாவிட்டால் இந்த ஆடி மாசக் கடிதத்தை ஊர்க்கூட்டத்தில் வாசிப்பேன், பக்கத்தில் சாலமனைத் தூக்கிவந்து உட்காரவைப்பேன்.

லோகாம்பாள்


பாட்னா,
துன்மதி வருஷம், மார்கழி 20

லோகாம்பாளுக்கு,

வாசி. ஊர் என்னை என்ன செய்துவிடும்? நான் ஊருக்கு இருநூறு காதத்துக்கு அப்பால் இருக்கிறேன்.

மூன்று பேர் சாமான்தான் வாங்கினேன். உன் தம்பிக்குத் திரை வேண்டுமா என்று கேட்டேன். "பொம்பள மாதிரி முகத்துல திரை போட்டுக்க மாட்டேன், ஏரியில பாக்காத வெயிலா"னு சிரித்தான். அவன் எப்போதும் அப்படித்தான் என்று உனக்குத் தெரியும். அவன் வேண்டாம் என்றதை நான் ஏன் தூக்க வேண்டும்?

கயிற்றை அறுத்தேன். அவன் கத்தினது எனக்குக் கேட்கவில்லை. காற்று இரைந்துகொண்டிருந்தது. இன்னொரு இழுப்பு வந்திருந்தால் நாங்கள் ஐந்து பேரும் போயிருப்போம், சாலமனும் சேர்த்து. அவன் இன்றைக்கு உன் எதிரே உட்கார்ந்து கதை சொல்ல உயிரோடு இருப்பது என் கத்தியால்தான். அதை அவனிடம் சொல்.

இவ்வளவு கேட்டாய், இதையும் கேட்டுக்கொள். என் நைனாவின் படகு உடைந்த பிறகு உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தேன். ஏரியில் வலை போட எனக்கும் ஒரு முறை, ஒரு பாடு, ஊர் ஒதுக்கிக் கொடுத்தது. அன்று அத்தனை பேர் முன்னால் உன் தம்பி சொன்னான், "தள்ளுகழி புடிக்கத் தெரியாதவருக்கு பாடு எதுக்கு"ன்னு. எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பதினொரு வருஷம் அந்தச் சிரிப்பைச் சாப்பாட்டோடு சாப்பிட்டேன். மலையில்தான் முதல் தடவையாக அவன் என் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டி வந்தது. கண் தெரியாமல், என் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மாமா எங்க கால் வெக்கிறது, மாமா எங்க கால் வெக்கிறது" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

இந்தத் தடவை ஆறு பேருக்கும் முழுச் சாமான் வாங்கிவிட்டேன். உனக்காக இல்லை. கயிறு அனுப்பினால் அனுப்பு, இல்லாவிட்டால் போ.

தருமலிங்கம்


தோணிரேவு,
துன்மதி வருஷம், பங்குனி 2

தருமலிங்கத்துக்கு,

நான் சிரித்தது உண்மை. அன்று நீ கழியை ஏரியில் விட்டுவிட்டுக் கையால் துழாவிக்கொண்டிருந்தாய். யாராக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

காற்று திரும்பிவிட்டது, வடக்கே போகும் கப்பல் நாளை பாய் விரிக்கிறது. சங்கு மூட்டைகளோடு கயிறு வருகிறது. எண்பது முழம், மூன்று பிரி, நானே முறுக்கினேன். ஊருக்குள் வேறு யாரையும் தொடவிடவில்லை.

ஊர்க்கூட்டத்தில் எதையும் வாசிக்கவில்லை. நீ போய்விட்டு வா.

தலைவன் நீ. வரிசையின் நடுவில் நட. கயிற்றின் நடுவை உன் இடுப்பில் கட்டிக்கொள்.

லோகாம்பாள்


தோணிரேவு,
துந்துபி வருஷம், சித்திரை 10

தருமலிங்கத்துக்கு, அவசரம்.

அந்தக் கயிற்றைக் கட்டாதே. யாரையும் கட்டவிடாதே.

இன்று காலை சாலமன் கழியை ஊன்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். அவன் தம்பி ஞானதாஸ் நாகப்பட்டினம் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவன், உண்மையில் கயிறு ஏற்றின அதே கப்பலில் வடக்கே போயிருக்கிறான். உன்னோடு பாரம் தூக்கப் பெயர் கொடுத்திருக்கிறானாம். "எங்க அண்ணன் கால எது தின்னுச்சின்னு நான் போயி பாக்கணும்" என்று கூட்டாளியிடம் சொல்லியிருக்கிறான்.

கயிற்றில் நான் செய்ததை எழுதுகிறேன். ஏரிச் சேற்றில் நாலு வருஷம் புதைந்து கிடந்த பழைய வலைக் கயிறு ஒன்று இருந்தது. வெளியே பார்த்தால் கயிறு, உள்ளே மாவு. முப்பதாம் முழத்திலிருந்து நாற்பதாம் முழம் வரைக்கும் மூன்று பிரியிலும் உள்ளே அதை வைத்து, மேலே புதுச் சணலைச் சுற்றி முறுக்கினேன். மேலே தடவினால் தெரியாது. நின்ற ஆளைத் தாங்கும், விழுந்த ஆளைத் தாங்காது. உன் இடுப்புக்கு நேரே வரும்படி செய்தேன்.

அது உனக்கு. ஞானதாஸ் என் தம்பியை அறுக்கவில்லை. ஒரே கயிற்றில் ஆறு பேர் கட்டிக்கொள்வீர்கள் என்று நீ ஆடி மாசமே எழுதியிருந்தாய். உன்மேல் இருந்த ஆத்திரத்தில் மற்ற ஐந்து பேரும் யாரோ பாட்னா ஆட்கள் என்று நினைத்துவிட்டேன். பாட்னா ஆட்களுக்கும் அக்கா தங்கை இருப்பார்கள் என்று இன்றைக்குத்தான் நினைத்தேன்.

ஞானதாஸுக்கு எழுதியிருப்பேன், அவனுக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் கூட்டத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். உன்னைக் காப்பாற்றினால்தான் அவனைக் காப்பாற்ற முடியும் என்று ஆகிவிட்டது. இதை மன்னிப்பு என்று நினைக்காதே. உனக்காக அந்தக் கயிற்றை முறுக்கினதற்கு நான் வருந்தவில்லை.

நடை அஞ்சலில் அனுப்புகிறேன். ஓடுகிறவன் காலில் விழுந்து கேட்டிருக்கிறேன்.

லோகாம்பாள்


பாட்னா,
துந்துபி வருஷம், கார்த்திகை 5

லோகாம்பாளுக்கு,

உன் அவசரக் கடிதம் என் கைக்கு வந்தது நான்கு நாளைக்கு முன்னால், நாங்கள் மலையை விட்டு இறங்கி வந்த பிறகு. நாங்கள் வைகாசியிலேயே கிளம்பிவிட்டோம். உன் கயிறு எங்களோடு மலைக்கு வந்தது.

பயப்படாதே. ஞானதாஸ் உயிரோடு இருக்கிறான். நானும்தான்.

மலையடியில் வழிகாட்டி ஒவ்வொரு கயிற்றையும் தேவதாரு மரத்தில் கட்டி ஆறு ஆளை விட்டு இழுத்துப் பார்ப்பான். போன தடவையும் பார்த்தான். உன் கயிறு முப்பத்திநாலாம் முழத்தில் புட்டுக்கொண்டது. நாங்கள் ஆறு பேரும் மல்லாந்து விழுந்தோம். பாட்னா ஆட்கள் சிரித்தார்கள். நான் அறுந்த முனையை எடுத்து மோந்து பார்த்தேன். நம் ஏரிச் சேற்று வாசனை. "கப்பல்ல ஈரம் பட்டுக் கெட்டுப்போயிருக்கும் மாமா" என்றான் ஞானதாஸ். ஆமாம் என்றேன். அன்றைக்கே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உன் கடிதம் தேவையே இல்லை.

கெட்ட பாகத்தை வெட்டி எறிந்தோம். ஒரு பக்கம் நாற்பது முழம் நல்ல கயிறு நின்றது. வழியில் கவரி மயிர்க் கயிறு ஒன்று வாங்கி அதைக் கட்டிக்கொண்டு ஏறினோம். எல்லாருக்கும் திரை, எல்லாருக்கும் கம்பளி, எல்லாருக்கும் இரும்புப் பல். திரும்பும்போது போன தடவையைவிடப் பெரிய பனி கொட்டியது. ஒருவனுக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை. மூன்று மூட்டை சங்கு மட்டும் பாட்னாவில் நின்றுவிட்டது.

சகாதேவன் விழுந்த இடத்துக்கு வந்தபோது வழிகாட்டி நின்றான். கீழே இறங்கிப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டான். வேண்டாம் என்றேன். ஞானதாஸ் நான் இறங்குகிறேன் என்றான். உன் நாற்பது முழத்தில்தான் அவனைக் கட்டி இறக்கினோம். இருபத்தைந்து முழம்கூட ஆழம் இல்லை. அகலமான திட்டு ஒன்று இருந்திருக்கிறது. மேலே ஏறி வந்தவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.  சில நாள் கழித்து ஒரு மாலை அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"குந்திகினு இருந்தான் மாமா. முட்டியக் கட்டிகினு. அறுந்த கயித்த இஸ்து, படகுல சுத்தி வெப்போமே, அப்டி வட்டமா சுத்தி மடியில வெச்சிருந்தான். முனை கத்தி பட்ட முனை. திரும்பி வருவோம்னு பாத்துகினு இருந்திருக்கான்."

எழுதிவிட்டேன். நீ கேட்டது இதுதானே. அவன் கத்தினது எனக்குக் கேட்டது. அதையும் எழுதிவிட்டேன்.

ஞானதாஸ் சகாதேவனின் கடுக்கனைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறான். ருக்குவிடம் கொடுக்க வேண்டுமாம். ஹூக்ளித் துறைமுகத்துக்குப் படகு ஏறிவிட்டான், அங்கே கப்பல் பிடித்துத் தையில் ஊரில் இறங்குவான். ஊரில் வாயைத் திறப்பான். அப்போது ஊர் உன்னைக் கேட்கும். உன்னிடம் என் கடிதங்கள் இருப்பதை நீ யாருக்கும் காட்டாதே. மலையில் பனி சரிந்தது, சகாதேவன் விழுந்தான், ஞானதாஸ் பையன் எதையோ பார்த்து எதையோ நினைத்துக்கொண்டான் என்று நீ சொன்னால் ஊர் கேட்கும். அக்காவே சொல்கிறாளே என்று விட்டுவிடுவார்கள். நானும் ஒரு நாள் ஊருக்கு வர வேண்டும். இங்கேயே செத்துவிட முடியாது.

நீ சொல்லாவிட்டால், உன் சித்திரைக் கடிதம் என்னிடம் இருக்கிறது. உன் கையெழுத்து. எத்தனையாம் முழத்தில் என்ன வைத்தாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆறு பேரைக் கொல்லக் கயிறு முறுக்கினவள் என்று ஊர் படிக்கும். என்னைப் பேசவைக்காதே.

தருமலிங்கம்


தோணிரேவு,
துந்துபி வருஷம், தை 24

தருமலிங்கத்துக்கு,

உன் கடிதம் தை பத்தாம் தேதி வந்தது. பன்னிரண்டாம் தேதி காலையில் அம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டச் சொன்னேன். ஞானதாஸ் ஏறின கப்பல் அப்போது இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் வந்து சொல்லி நான் ஒத்துக்கொண்டதாக இருக்கக்கூடாது.

ருக்குவை முன்னால் உட்காரவைத்தேன். சாலமன் கழியை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். உன் மூன்று கடிதங்களையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தேன். கண் திரையைப் பற்றி நீ எழுதினதை வாசித்தபோது சாலமன் தலையைக் குனிந்துகொண்டான். "அவன் கத்தினது எனக்குக் கேட்டது" என்ற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு தடவை வாசித்தேன்.

பிறகு நான் எழுதினவற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். உனக்கு எழுதின ஒவ்வொரு கடிதத்துக்கும் என்னிடம் நகல் இருக்கிறது. கொட்டடியில் நைனா கற்றுக்கொடுத்த பழக்கம், எது வெளியே போனாலும் ஒரு படி வீட்டில் இருக்க வேண்டும். சித்திரைக் கடிதத்தை எடுத்ததும் நாட்டாண்மைக்காரர் சம்பந்தம் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் படிக்கத் தெரியும்.

"இத்தயும் படிக்கணுமா லோகா?" என்றார் மெதுவாக. "இது ஒனக்கும் அவனுக்கும்தான் தெரியும். அவன் எங்கியோ கெடக்கிறான். மட்ச்சி வெச்சிடு."

"படிக்கணும் நாட்டாரே. இத்த வெச்சித்தான் அவன் என் வாயைக் கட்டப் பாக்குறான்" என்றேன்.

வாசித்தேன். முப்பதாம் முழம், நாற்பதாம் முழம், சேற்றில் கிடந்த வலைக் கயிறு, எல்லாம். சாலமனின் அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. நானும் நகரவில்லை. அவளுடைய இளைய மகன் ஞானதாஸ் அந்த நிமிஷம் கடலில்தான் இருந்தான், உயிரோடு இருக்கிறான் என்று என் வாய்ச்சொல்லைத் தவிர அவளுக்கு வேறு உறுதி இல்லை.

ஊர் இரண்டு தீர்ப்பு சொன்னது. உனக்கு இந்தக் கரையில் நெருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. இங்கிருந்து வடக்கே ஆந்திரக் கரை வரைக்கும் ஏரியைச் சுற்றி உள்ள எல்லாக் குப்பத்துக்கும் ஆள் போய்விட்டது. நீ இறங்கினால் உன் படகை இழுக்க ஒரு கை வராது. உனக்கு ஒதுக்கின பாடு இனி ருக்குவுடையது. அவள் ஆளை வைத்து வலை போட்டுக்கொள்ளலாம், அவள் இருக்கும்வரை யாரும் கேட்க முடியாது.

எனக்கு, நான் முறுக்கின கயிறு எந்தப் படகிலும் ஏறக்கூடாது. கொட்டடிக்குள் நான் கால் வைக்கக்கூடாது. சரி என்றேன். அவர்கள் சொன்னது நியாயம். என் கயிற்றை இழுக்கும்போது எவனும் இனி நடுவை ஒரு தடவை தடவிப் பார்ப்பான். அப்படிப் பார்த்துக்கொண்டு கடலில் வேலை செய்ய முடியாது.

கூட்டம் கலைந்த பிறகு ருக்கு என் எதிரே வந்து நின்றாள். ஏறக்குறைய இரண்டு வருஷமாகக் காய்ச்சல் என்று அவளை நம்பவைத்தது நான்தான். அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.

"அறுத்தவரும் முறுக்கினவளும் ஒரே வூட்லதான அண்ணி இருந்தீங்க" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

ஞானதாஸ் பதினேழாம் தேதி கரையேறினான். கடுக்கனை ருக்குவின் கையில் வைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். வழியிலேயே ஊர் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வாசலுக்கு வெளியிலேயே நின்றான். 

"உங்க கயித்துலதான் அக்கா எறங்குனேன்" என்றான்.

"தெரியும்பா."

"அந்தப் பக்கம் நல்லாத்தான் இருந்திச்சி."

திரும்பிப் போனான். வழிகாட்டி அந்தக் கயிற்றை மரத்தில் கட்டி இழுத்துப் பார்த்தது நல்லதுதான் என்று அவன் முதுகைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. உன் கடிதத்தைப் படித்த அன்று, அறுந்த இடத்தில் நீ ஒருவன் மட்டும் நின்றிருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன். இப்போதும் சில நேரம் நினைக்கிறேன். பொய் எழுதமாட்டேன்.

நாளைக்குக் காட்டூருக்குப் போகிறேன். அறுப்புக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். அங்கே உழவுக்காரர்களுக்கு என் கதை தெரியும், ஆனால் நெல் அறுக்கிற கையை யாரும் கேட்பதில்லை. வீட்டுச் சாவியை ருக்குவிடம் கொடுத்துவிட்டேன்.

என்னைப் பேசவைக்காதே என்று எழுதினாய். நீ பேசுவதற்கு இனி ஒன்றும் இல்லை. நான் செய்ததை என் வாயாலேயே ஊர் கேட்டுவிட்டது. நீ செய்ததையும் கேட்டுவிட்டது. என் சித்திரைக் கடிதத்தை நீயே வைத்துக்கொள். அங்கே குளிர் அதிகம் என்கிறாயே, அடுப்புப் பற்றவைக்க ஆகும்.

லோகாம்பாள்